முக்கால் சாண்

கூரை மாற்றப்போகிறவர்களுக்கு
இன்றைய நிலவரப்படி ஒரு வரைபடம் வேண்டுமாம்.
மூன்று நாள் ஒப்பந்தம்.
நாடாவின் சுழிமுனை ஃபெர்கஸ் டூலன் விரலில்,
சுருள் என் இடுப்பில்.
ஆல்பரி நிலையத்தின் வடகோடியில் தொடங்கினோம்.

பொதியறை. விளக்கறை:
மண்ணெண்ணெய் போய் எத்தனையோ காலம்,
செங்கல் இன்னும் மறக்கவில்லை.
தந்தியறை, நான் கைகளை விரித்தால்
இரு பக்கமும் சுவர்.
பெண்கள் காத்திருப்பறைக்கு மட்டும்
ஒன்றன்பின் ஒன்றாய் இரண்டு கதவுகள்.
முதலாவது திறக்கையில் இரண்டாவது மூடியிருக்கும்;
நடைமேடையிலிருந்து எவன் கண்ணும் உள்ளே போகாது.
இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஃபெர்கஸ்
"இந்த இடத்துக்கு என்ன பெயர் எழுதுவது?" என்றான்.
மரியாதை, என்றேன்.
ஒரு மீட்டர் பத்து, என்று எழுதிக்கொண்டான்.

தெருவுக்குக் காட்டும் முகம் இத்தாலி.
கோபுரம், வளைவு, சாந்துப் பூவேலை,
விக்டோரியா மகாராணி காலத்துப் பகட்டு.
தண்டவாளத்துக்குக் காட்டும் முதுகில்
வார்ப்பிரும்புத் தூண்கள்;
ஒவ்வொன்றின் தலையிலும்
இந்த மண்ணில் முளைக்காத ஓர் இலை.

பிறகு நடைமேடை.
ஐம்பது மீட்டர் நாடாவை
ஒன்பது முறை இழுத்துப் போட்டும் தீரவில்லை.
இத்தனை சிறிய ஊருக்கு
எதற்கு இத்தனை நீளம்?

சிட்னிக்காரர்கள் தண்டவாளத்தை
நாலடி எட்டரை அங்குல அகலத்தில் போட்டு வந்தார்கள்.
மெல்பர்ன்காரர்கள் ஐந்தடி மூன்றில்.
ஒரே மகாராணிக்கு இரண்டு குடியேற்றங்கள்,
ஆளுக்கொரு அளவுகோல்.
வித்தியாசம் ஆறரை அங்குலம்.
விரல்களை விரித்துப் பார்த்தேன், முக்கால் சாண்.
அதற்கு எதிரெதிரே இரண்டு ரயில்களை நிறுத்தி
நடுவில் கட்டிய சமாதானம் இந்த நடைமேடை.

முக்கால் சாணுக்காக
எண்சாண் உடம்புகள் எழுப்பப்பட்டன.
எண்பதுக்கு ஓராண்டு குறைவாக,
இரவு பகல் பாராமல்
பெட்டியோடு, போர்வையோடு,
ஒற்றைச் செருப்போடு,
பல்செட்டை முந்தைய வண்டியின் தம்ளரில் விட்டுவிட்டு.
சுங்கக்காரன் வேறு இருந்தான் அப்போது,
துணிமூட்டையில் கைவிட்டுத் துழாவ.
தோளில் தூங்கும் குழந்தை மட்டும்
ஒரு வண்டியில் கண்மூடி
இன்னொரு வண்டியில் விழித்தது.
அதற்கு எல்லையும் தெரியாது, அளவும் தெரியாது.
யுத்த காலத்தில் கோதுமை, குண்டு, கம்பளி
எல்லாம் ஆள் முதுகிலேறி
இந்தப் பதினைந்தடியைக் கடந்தன.

இரண்டாம் நாள் இரவு, விடுதி மேசையில்,
கணக்கு மூடவில்லை.
அறைகளையும் சுவர்களையும் கூட்டினால்
வெளிநீளத்துக்கு நூற்று அறுபத்தைந்து மில்லிமீட்டர் குறைகிறது.
அங்குலத்தில் போட்டுப் பார்த்தேன்.
ஆறரை.
தேநீர் ஆறும்வரை
அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை,
சொன்னால் சிரிப்பார்கள்.

காலையில் மறுபடி அளந்தோம்.
சிற்றுண்டிச் சாலையில், குழாயை மறைத்த மரப்பெட்டியை
சுவரென்று நினைத்து
அதன்மேல் முனையை வைத்திருக்கிறான் ஃபெர்கஸ்.
"மன்னித்துக்கொள்" என்றான், காது சிவக்க.
எனக்கென்னவோ பெட்டியைத் தட்டிப் பார்க்கத் தோன்றியது.
குழாய்தான்.

பிற்பகல் மூன்றுமணிச் சுமாருக்கு
சிட்னி வண்டி வந்தது.
இப்போது ஒரே அகலம், கடைசிவரை ஒரே வண்டி.
இறங்கியவர் ஒருவர், கையில் சைக்கிள் சக்கரம்.
அவ்வளவு நீள நடைமேடையில்
வண்டி ஒரு மூலையை மட்டும் பிடித்து நின்றது.
ஜன்னலில் கன்னம் ஒட்டி, வாய் திறந்து,
ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.
நாடா எங்கள் இருவருக்கும் நடுவே
தொய்ந்து கிடந்தது.
வண்டி நகர்ந்தது, ஆற்றுப் பாலத்தை நோக்கி.

யாரும் அவளை எழுப்பவில்லை.